ஜர்னிமேன் என்றால் நாடோடியா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீரர் டிரமான் வில்லியம்ஸ் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அவரை 'ஜர்னிமேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த அணியிலும் நிலைக்க முடியாத ஒரு நாடோடிக்கு இவ்வளவு இடம் எதற்கு? நட்சத்திர வீரர்களுக்கா பஞ்சம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'ஜர்னி' என்பதைப் பயணம் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. நாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பட்டறையில் தொழில் பழகி முடித்து, சொந்தப் பட்டறை வைக்காமல் நாட்கூலிக்கு வேலை செய்த கைதேர்ந்த தொழிலாளியைத்தான் ஐரோப்பாவில் ஜர்னிமேன் என்றார்கள். ஊர் சுற்றியவர் என்பதல்ல, தொழில் தெரிந்தவர் என்பதே அதன் உட்பொருள். எட்டுப் பருவங்கள் ஒரே அணியில் ஆடிய வில்லியம்ஸை அப்படி அழைத்தது பொருந்துமா என்று நீங்கள் கேட்டிருந்தால், நான் சற்றுத் தடுமாறியிருப்பேன். நீங்கள் கேட்டது வேறு.

அவர் ஆடிய கார்னர்பேக் என்னும் தடுப்பாளர் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரணியின் ரிசீவர், அதாவது எறியப்படும் பந்தைப் பிடிப்பவர், எங்கே ஓடப்போகிறார் என்பது அந்த ரிசீவருக்குத் தெரியும். அவரைத் தடுக்க வேண்டியவருக்குத் தெரியாது. அவர் பின்னோக்கி ஓடியபடியே, எதிரியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அந்தக் கணத்தில் தானும் திரும்ப வேண்டும். 1978இல் விதி மாறிய பிறகு, 5 கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைக் கைவைத்துத் தடுக்கவும் முடியாது. தன் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தால் எதிரணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக் அவர் பக்கம் எறியவே மாட்டார், ஆகவே தொலைக்காட்சியில் அவர் தென்படவும் மாட்டார். ஒரே ஒருமுறை சறுக்கினால் அரங்கமே பார்க்கும். நட்சத்திரங்களை மட்டும் தேடும் கண்ணுக்கு இவர்கள் அகப்படாமல் போவதில் வியப்பில்லை.

நிலைக்க முடியவில்லை என்கிறீர்களே, அங்கே நிலைப்பது எப்படியென்று பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். கோடை முகாமில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் வரை இருப்பார்கள். பருவம் தொடங்குமுன் அந்தப் பட்டியல் 53 ஆகச் சுருங்க வேண்டும். ஏறக்குறைய 1,200 பேருக்கு அங்கேயே கதவு சாத்தப்படுகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் அந்த 53 பேருக்கு வெளியே அணியோடு பயிற்சி செய்யும் பயிற்சிக் குழு என்னும் திண்ணையில் இடம் பிடிக்கிறார்கள். அறிவிக்கப்படும் ஒப்பந்தத் தொகையிலும் உத்தரவாதம் உள்ள பங்கு மட்டுமே உறுதி. மீதியை அணி நினைத்த நாளில் ரத்து செய்யலாம்.

லூசியானாக்காரரான வில்லியம்ஸுக்குக் கல்லூரி அணியிலேயே உதவித்தொகையுடன் இடம் கிடைக்கவில்லை. தானாகப் போய்ச் சேர்ந்தவர் அவர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2006ஆம் ஆண்டு டிராஃப்ட்டில் ஏழு சுற்றுகளிலும் அவர் பெயரை எந்த அணியும் சொல்லவில்லை. ஹூஸ்டன் டெக்சன்ஸ் சேர்த்துக்கொண்டு, பருவம் தொடங்குமுன்பே அனுப்பிவிட்டது. அந்த நவம்பரில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் திண்ணை கிடைத்தது. நான்கே ஆண்டுகளில், 2011 ஜனவரியில் நடந்த நாக்அவுட் ஆட்டங்களில், பிலடெல்ஃபியாவின் குவாட்டர்பேக் மைக்கேல் விக் கடைசி நிமிடத்தில் எறிந்த பந்தை, புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் சோனில் இடைமறித்துத் தன் அணியைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் அட்லாண்டாவுக்கு எதிராக இரண்டு பந்துகளைப் பிடித்து, அவற்றில் ஒன்றை முதல் பாதியின் கடைசி நகர்வில் 70 கெஜம் ஓடி எதிரணி எண்ட் சோனுக்குக் கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார். அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை பேக்கர்ஸ் வென்றது. இதைத்தான் நிலைக்க முடியாமை என்கிறீர்களா?

2015இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, வயது 32. பேக்கர்ஸ் அவரைப் போகவிட்டு, டிராஃப்ட்டின் முதல் இரண்டு சுற்றுகளையும் டமாரியஸ் ராண்டல், குவின்டன் ராலின்ஸ் என்ற இரண்டு இளம் தடுப்பாளர்களுக்குச் செலவிட்டது. கிளீவ்லாந்துக்குப் போன வில்லியம்ஸை, மூன்றாண்டு ஒப்பந்தம் போட்ட அந்த அணி இரண்டாண்டில் விடுவித்தது. ஓராண்டு அரிசோனாவில் ஆடினார். பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: 2018 மார்ச்சில் பேக்கர்ஸ் அந்த ராண்டலைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டு, அதே மாதத்தில் 35 வயது வில்லியம்ஸைத் திரும்ப அழைத்தது. பருவத்தின் நடுவே தடுப்பு வரிசையின் கடைசி அரணான சேஃப்டி இடம் காலியானபோது, அதுவரை தனக்குப் பழக்கமில்லாத அந்த இடத்தையும் அவரே நிரப்பினார். மொத்தக் கணக்கில் 34 இடைமறிப்புகள்.

2020 நவம்பரில், வேறு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவரை பால்டிமோர் அழைத்தது. 2021 ஜனவரி 16 அன்று பால்டிமோர் நாக்அவுட்டில் தோற்று வெளியேறியது. 24ஆம் தேதி சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தை ஆட வேண்டியிருந்த பேக்கர்ஸ், இடைப்பட்ட அந்த ஒரு வாரத்துக்குள் அவரை மூன்றாம் முறையாகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 37. நாடோடி என்று நினைத்திருந்தால், ஆண்டின் மிக முக்கியமான வாரத்தில் அவர்கள் எதற்காக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பதை நீங்களே அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதற்கும் இடம் ஒதுக்குகிறேன்.