நித்தியகல்யாணியும் எலிகளும் – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

என் மகள் உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். பிஎச்.டி. என்றால் ஐந்தாறு வருடம். அப்புறம் மாப்பிள்ளை அமைவதும் சிரமம். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து நித்தியகல்யாணியில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எங்கள் மணலில் அது சும்மா கிடக்கிறது. சித்தர்கள் சொல்லாததையா இவர்கள் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? கஷாயத்தில் தீருகிற நோய்க்கு இத்தனை டாக்டர், இத்தனை வருட ஆராய்ச்சி எதற்கு? மகளை அனுப்பலாமா?

செல்வராஜ், சாயல்குடி

அன்புள்ள செல்வராஜ்,

மாப்பிள்ளை பற்றிய கவலைக்கு என்னிடம் பதில் இல்லை. சித்தர்களையும் விட்டுவிடுவோம், அந்தச் செடியின் பூர்வீகம் மடகாஸ்கர். ஆனால் ‘சும்மா கிடக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மூக்கையூர்ப் பக்கம் எங்கள் அம்மா அதைப் பிடுங்கியிருக்கிறாள். மழை பொய்த்து முண்டு மிளகாய் கருகிப்போன புஞ்சையில் அதுதான் நிற்கும். ஆடு வாய் வைக்காது. வேரோடு பிடுங்கி, இலையை உதிர்த்துக் காயப்போட்டு, சாக்கில் மிதித்து அடைத்தால் வியாபாரி வந்து எடை போடுவார். வேருக்கு ஒரு விலை, இலைக்கு ஒரு விலை. டன் கணக்கில் இலை போனால் கிராம் கணக்கில் மருந்து வரும். அது எதற்கு என்று அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை.

உங்கள் கஷாயக் கதைக்கு வருகிறேன். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு உறையில் இந்த இலை போனது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபில் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டார், எலிகள் செத்தன. நீங்களோ நானோ என்றால் அத்தோடு இலையைக் குப்பையில் கொட்டியிருப்போம். அவர் செத்த எலிகளை எடுத்துப் பார்த்தார். கிருமி தொற்றிச் செத்திருந்தன, இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. வெள்ளணுவைக் குறைக்கிற சரக்கு இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று அங்கிருந்துதான் தொடங்கியது. சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்து, இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தேடியது கிடைக்காத நாளிலும் எலியை அறுத்துப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற உத்தியோகம் இது. உங்கள் மகள் அதற்குத்தான் ஆசைப்படுகிறாள்.

அந்த வின்கிறிஸ்டின்தான் இரத்தப் புற்றுநோய் வந்த என் தங்கை மகனுக்கு ஏறியது. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். தவறித் தண்டுவடத்தில் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் ஒரே மூன்று வேலைதான் செய்வார். சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டுவார். “குதிகாலால நடந்து காட்டு” என்பார். பிறகு, “மோஷன் போனானா?” தங்கைக்கு ஆத்திரம். “இவ்வளவு பெரிய நோய்க்குக் கூட்டிட்டு வந்தா, கக்கூஸ் கதையையே கேக்குறாங்கண்ணே!” அந்த மருந்து நரம்புகளைத் தாக்கும். குடல் மந்தமாகும், பாதம் தொங்கிப்போகும். அவன் சொல்லும் பதிலை வைத்துத்தான் அடுத்த ஊசியின் அளவு. பக்கத்துப் படுக்கைப் பெண்குழந்தை காலையில் இறந்த அன்றும் அவர் வந்து தட்டினார், கேட்டார்.

1950களில் இந்த நோய் வந்த குழந்தைகளில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. இன்று நல்ல மருத்துவமனைகளில் பத்தில் எட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். இடையில் புது மூலிகை எதுவும் முளைத்துவிடவில்லை ஐயா! பெரும்பாலும் அதே பழைய மருந்துகள். எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு, எத்தனை மாதம்? குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, பிரிவுக்கொரு முறையில் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எண்ணி முடித்ததும் அடுத்த கேள்வி. இப்படி ஒன்றிரண்டு கேள்வியிலேயே ஓய்வு பெற்றுப் போனவர்கள் உண்டு. ‘இத்தனை வருட ஆராய்ச்சி எதற்கு’ என்று நீங்கள் திண்ணையிலிருந்து கேட்கிறீர்கள்.

சரி, மகளை அனுப்பலாமா என்றுதானே கேட்டீர்கள்? அனுப்புங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். சில சமயம் அது வர மாதக்கணக்கில் இழுக்கும். அப்போது முகம் சுளிக்காமல் வீட்டிலிருந்து பணம் போடுங்கள். அந்தக் கஷாயத்தை யாருக்காவது வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அது விஷச் செடி.