பையன் வெட்டினானா, மருமகன் பார்க்கவில்லையா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, சென்ற மாதம் எங்கள் மருமகன் திருகோணமலை நிலாவெளி வீதியால் காரில் வந்துகொண்டிருந்தார். இரவு ஏழு மணி இருக்கும். அலஸ்தோட்டம் தாண்டி ஒரு பஸ் ஆட்களை இறக்க நின்றிருக்கிறது. அதைக் கடக்கும்போது முன்னால் சைக்கிளில் போன பையன் ஒருவன் திடீரென்று வலப்பக்கம் வெட்டிவிட்டான். ரியூசன் முடிந்து போகிற பையன். சைக்கிளில் லைட்டும் இல்லை. கால் முறிந்துவிட்டது. மருமகன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஐம்பதுக்கு மேல் ஓடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறார். ஆனாலும் வழக்கு அவர்மேல்தான். காரும் சைக்கிளும் மோதினால் பெரிய வாகனக்காரன்தான் எப்போதும் குற்றவாளியா? வரி கட்டுவதும் காப்புறுதி கட்டுவதும் லைசன்ஸ் எடுப்பதும் நாங்கள், பிழை விடுவது அவர்கள். இது என்ன நியாயம்?

— வாசகர் ஒருவர், உப்புவெளி

பதில்: உங்கள் கேள்விக்கு என் நேரான பதில்: "இல்லை." வாகனம் பெரிது என்பதற்காக மட்டும் சாரதியைக் குற்றவாளியாக்கும் சட்டம் இலங்கையில் கிடையாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் கவனயீனமாக ஓட்டினார் என்று வழக்குப் போட்டால், கவனயீனத்தை வழக்குத் தொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நட்டஈட்டு வழக்கிலும் அப்படித்தான். அதோடு 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. காயப்பட்டவர் பக்கமும் பிழை இருந்தால் அந்தப் பங்கைக் கழித்து நட்டஈடு கொடுக்கச் சொல்கிறது அது. பத்து இலட்சம் நட்டம், ஐந்தில் ஒரு பங்கு பையனின் பிழை என்று நீதிமன்றம் கண்டால், எட்டு இலட்சம். பையனின் வயதையும் அந்த வயதுக்குரிய அறிவையும் பார்த்துத்தான் அவன் பங்கை எடைபோடுவார்கள். "பெரிய வாகனம்தான் பிழை" என்பது சந்தியில் கூடுகிற கூட்டத்தின் தீர்ப்பு. அந்தக் கூட்டம் சாரதியை இழுத்து அடிக்கவும் தயங்காது. அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். உங்கள் மருமகன் ஓடித் தப்பாமல் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது பெரிய காரியம்.

இனி நீங்கள் எழுதிய கடிதத்துக்கே வருகிறேன். அதில் ஒரு வசனத்தை எழுதிவிட்டு, நின்று யோசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: "ஒரு பஸ் ஆட்களை இறக்க நின்றிருக்கிறது."

வீதியை மனதில் வரைந்து பாருங்கள். பையன் இடது ஓரமாகப் போகிறான். அவனுக்கு முன்னால் அதே ஓரத்தில் பஸ் நிற்கிறது. அவன் என்ன செய்வான்? ஒன்றில் இறங்கி நிற்க வேண்டும், அல்லது பஸ்ஸின் வலப்பக்கத்தால் சுற்றிப் போக வேண்டும். இடப்பக்கத்தால் நுழைந்தால் இறங்குகிற ஆட்களோடு மோதுவான். ஆக, அவன் வலப்பக்கம் வரப்போகிறான் என்பதை, நிற்கிற பஸ்ஸும் அதன் பின்னால் போகிற சைக்கிளும் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிட்டன. பின்னால் வந்த சாரதி அதைப் படித்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பஸ்ஸையும் சைக்கிளையும் சேர்த்துக் கடக்கலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். பையன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் வந்தது பிழைதான், கை காட்டாததும் பிழைதான். ஆனால் அதைத் "திடீர்" என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சாரதிகள் திடீரென்று நடந்ததாகச் சொல்வதில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சைக்கிள்காரர் சும்மா ஓரத்தை விட்டு விலகுவதில்லை. எங்கள் வீதிகளின் ஓரம் எப்படி இருக்கிறது என்று காரில் போகிறவருக்குத் தெரியாது. தார் முடிகிற இடத்தில் விளிம்பு உடைந்து ஒரு சாண் பள்ளம். நிலாவெளிப் பக்கம் என்றால் ஓரமெல்லாம் மணல். மணலில் முன்சில்லு இறங்கினால் ஆள் விழுவார். மாரியில் ஓரத்தில் தண்ணீர் நிற்கும், அதற்குக் கீழே குழியா வடிகானா என்று தெரியாது. கடைக்கு முன்னால் நிறுத்திய வான், படுத்திருக்கிற மாடு, ஓட்டோ. இவை ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் ஒரு முழமோ இரண்டு முழமோ வலப்பக்கம் வந்துதான் ஆகும்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் வீசுகிற மாதங்களில் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், ஹான்டிலை நேராகப் பிடிப்பதே ஒரு வேலை. கிண்ணியாப் பாலத்தில், 396 மீற்றர் நீளத்துக்கும் ஒதுங்க ஒரு மரமும் இல்லாத இடத்தில், காற்றடிக்கிற பக்கத்தால் ஒரு லொறி ஒட்டிக் கடந்தால் என்ன நடக்கும்? லொறி பக்கத்தில் இருக்கும்வரை காற்று நின்றுவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓடியவர் லொறிப் பக்கம் சரிவார். லொறி போனதும் காற்று திரும்ப ஓங்கி அடித்து அவரை மறுபக்கம் தள்ளும். "அவன்தான் வந்து விழுந்தான்" என்று லொறிக்காரர் உண்மையாகவே நம்பிச் சொல்வார். ஜேர்மனியில் சைக்கிளைக் கடக்கும்போது நகருக்குள் ஒன்றரை மீற்றரும் வெளியே இரண்டு மீற்றரும் இடைவெளி விட வேண்டும் என்று 2020இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் பின்னால் பொறுத்துப் போக வேண்டும். இங்கே அப்படிப் பொறுத்துப் போகிற சாரதிக்கு, பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தே உயிரை எடுக்கிறார்.

ஐம்பதுக்கு மேல் ஓடவில்லை என்கிறார் மருமகன். நம்புகிறேன். நகரப்பகுதியில் கார்களுக்குச் சட்டம் விதித்த உச்சம் மணிக்கு 50 கிலோமீற்றர்தான். ஆனால் அது உச்சம். அந்த வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 50இல் போகிற கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் போகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு வினாடி தேவை. பிறகு நல்ல தார் வீதியில், காய்ந்த நேரத்தில், நிற்க இன்னும் 14 மீற்றர். 30இல் போகிற கார், கண்டது முதல் நின்றது வரை மொத்தமாகவே 13, 14 மீற்றருக்குள் முடித்துவிடும். அதாவது 30இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்தவர் பிரேக்கையே தொட்டிருக்கமாட்டார். நிற்கிற பஸ்ஸைக் கடக்கிற இடத்தில், ஆட்கள் இறங்குகிற இடத்தில், இருட்டில், 50 அதிகம். பஸ்ஸின் முன்னால் சைக்கிள் மட்டுமா வரும்? இறங்கிய பெண் ஒருவர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்க வந்திருந்தால்?

லைட் விடயம். இருட்டில் லைட் இல்லாமல் ஓடுவது பிழை. சட்டப்படியும் பிழை, பெற்றோர் பக்கமும் பிழை. அதில் பையனுக்காக வாதாட மாட்டேன். ஆனால் மருமகன் வந்தது பையனுக்குப் பின்னாலிருந்து. சைக்கிளின் முன்லைட் எரிந்திருந்தாலும் அது அவர் கண்ணில் பட்டிருக்காது. பின்மட்காட்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருந்ததா என்பதுதான் இங்கே கேள்வி. அதை நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊர் வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கின்றன, கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே வருகின்றன. எதிலும் லைட் இல்லை. தன் ஹெட்லைட் வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் ஓடுகிறவர், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஓடுகிறார். எதிரே வருகிற வாகனத்தின் வெளிச்சம் கண்ணை அடித்தால் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

சைக்கிள்காரரின் பிழை இல்லாத மோதல்கள் மட்டும்தான் நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. எதிர்த்திசையில் ஓரமாக வருவது இந்த ஊரில் பெரிய கெட்ட பழக்கம். பக்க வீதியிலிருந்து வெளியே வருகிற சாரதி வலப்பக்கம் பார்ப்பார். இடப்பக்கத்திலிருந்து ஓரத்தால் சைக்கிள் வரும் என்று எதிர்பார்க்கமாட்டார். அந்த மோதலில் பெரும் பங்கு சைக்கிள்காரருக்குத்தான். இருவர் மூவராகப் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போவது, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, மடத்தடிச் சந்தியில் நிற்காமல் நுழைவது, எல்லாம் பிழைகளே. ஆனால் நகரத்துக்குள் பகலில் நடக்கிற மற்ற இரண்டு வகை மோதல்களையும் சொல்ல வேண்டும். சைக்கிளை முந்திப் போய் உடனே அதற்கு முன்னால் இடப்பக்கம் திரும்பிக் கடைக்குள் நுழைவது ஒன்று. பிரதான வீதியில் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பது மற்றது. இவற்றில் சைக்கிள்காரர் செய்யக்கூடியது மிகக் குறைவு. நெதர்லாந்தில் கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல் மற்றக் கையால் திறக்கப் பழக்குகிறார்கள். எங்கள் சாரதிகள் இடக்கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானாகவே திரும்பும், கண் பின்னால் போகும். பணம் செலவில்லாத பழக்கம், இன்றைக்கே தொடங்கலாம்.

வரி, காப்புறுதி, லைசன்ஸ் என்கிறீர்கள். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. லைசன்ஸ் கொடுப்பது வீதியை உங்களுக்கு எழுதிக் கொடுப்பதற்காக இல்லை. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பை ஆட்கள் நடமாடுகிற இடத்தில் ஓட்டுவதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கத்தான் பரீட்சை வைக்கிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமாக இருப்பதும் அந்த இரும்பு மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய சேதத்துக்காகவே. இவை சாரதியின் பொறுப்பைக் கூட்டுகின்றன, குறைக்கவில்லை. வீதி போட்ட பணம் எல்லோருடைய வரிப்பணம். விடிய நாலு மணிக்கு மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவரும் சீனிக்கும் மாவுக்கும் வரி கொடுத்துத்தான் வாங்குகிறார். 2022இல் எரிபொருள் வரிசையில் நாள்கணக்காகக் கிடந்தபோது, கார் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். தோளை உரசிக்கொண்டு பஸ் போவது எப்படி இருக்கும் என்று அப்போது அவர்களுக்குத் தெரிந்தது. பெற்றோல் வந்ததும் அது மறந்துபோனது எனக்கு மிகவும் வருத்தம்.

பிழை யாருடையது என்பதோடு, பிழையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காரும் சைக்கிளும் மோதினால் சாரதிக்கு அனேகமாகக் கீறல்கூட விழாது. சைக்கிள்காரரின் ஒரு கணக் கவனயீனத்துக்கு அவரே காலைக் கொடுக்கிறார். சாரதியின் ஒரு கணக் கவனயீனத்துக்கும் சைக்கிள்காரரேதான் கொடுக்கிறார். இதை உணர்ந்து சட்டத்தை எழுதிய நாடுகள் உண்டு. நெதர்லாந்தில் 1971இல் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் செத்தார்கள். அதில் நானூறுக்கு மேல் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்கே மோட்டார் வாகனம் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை மோதினால், பிள்ளை வேண்டுமென்றே செய்ததாகக் காட்ட முடியாவிட்டால், முழு நட்டஈட்டையும் வாகனத் தரப்பு கொடுக்க வேண்டும். பெரியவர் என்றாலும், தவிர்க்கவே முடியாத நிகழ்வு என்று நிரூபித்தாலன்றிக் குறைந்தது பாதி. பிரான்ஸ் 1985இல் இதே போக்கில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இவை நட்டஈட்டுக்கான விதிகள். சாரதியைச் சிறையில் போடுகிற விதிகள் இல்லை. காப்புறுதி நிறுவனம் கொடுக்கும், பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு வீட்டுக்காரர் கடன்பட வேண்டியதில்லை. இங்கேயும் அப்படியொரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வந்தால் உங்கள் மருமகனைப் போன்றவர்களுக்கும் நல்லது. யார் வெட்டியது என்று வருடக்கணக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கத் தேவையில்லை.

அதுவரை இப்போதுள்ள சட்டம்தான். சைக்கிளைத் திருத்தக் கொடுக்க வேண்டாம் என்று பையன் வீட்டாரிடம் சொல்லுங்கள். காரின் அடிபட்ட இடத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்சில்லு நெளிந்திருந்தால் கார் நேர் பின்னால் மோதியிருக்கிறது. பெடலும் பக்கமும் அடிபட்டிருந்தால் பையன் குறுக்கே வந்திருக்கிறான். வாய் எதைச் சொன்னாலும் இரும்பு மாற்றிச் சொல்லாது. பஸ் நடத்துநரும் இறங்கிய ஆட்களும் கண்டிருப்பார்கள், அவர்களைத் தேடுங்கள். காப்புறுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள். மருமகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பஸ்ஸைக் கடக்க அவர் காரை வலப்பக்கம் எடுத்தபோது பையன் எங்கே இருந்தான்? பஸ்ஸுக்குப் பின்னால், அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தான் என்றால், அதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.