மிளாக் கொம்பில் பேனா செய்யலாமா?

கேள்வி: எனக்குச் செங்கோட்டை. கேரளாவில் புனலூரில் இருக்கும் என் தாய்மாமா வரலாற்று வாத்தியார், அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிறார். மான் கொம்பைக் கடைந்து பேனா செய்வதை யூடியூபில் பார்த்தேன். மலையடிவாரத்தில் பொறுக்கிய மிளா (கடமான்) கொம்பு ஒன்று நண்பன் வீட்டில் சும்மா கிடக்கிறது. பட்டறையில் கொடுத்துச் செய்து மாமாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. புனலூர் போகிற வழியில் ஆரியங்காவு செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொன்னால் மாமாவுக்குப் பரிசு போகாது, உங்கள் மேல் கேஸ்தான் வரும். நீங்கள் பார்த்தது அமெரிக்காக்காரர் வீடியோவாக இருக்கும். அங்கே வயோமிங்கில் ஜாக்சன் என்ற ஊரில் எல்க் மான்கள் உதிர்த்த கொம்புகளைச் சாரணர் பையன்கள் பொறுக்கி வந்து வருஷாவருஷம் ஏலமே விடுகிறார்கள். இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கொம்பு தானாக உதிர்ந்தது என்றாலும் அது வன விளைபொருள், எடுக்கக் கூடாது. நண்பரிடம் சொல்லி அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள், முதல் வேலை அது.

சரி, மாமாவுக்கு என்ன கொடுப்பது? பழமை வாசனைக்காகத்தானே கொம்பைத் தேடினீர்கள், ஆனால் நம் ஊர் வரலாற்றை எழுதியது கொம்பு இல்லை, எழுத்தாணி. மலையாளத்தில் நாராயம் என்பார்கள், மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது. திருவிதாங்கூர் அரசு கணக்கெல்லாம் ஓலையில் அதால் கீறியதுதான், கீறிய பிறகு எழுத்துத் தெரிவதற்குக் கரி பூசுவார்கள். குண்டெழுத்தாணி, கூரெழுத்தாணி என்று வகை உண்டு. எனக்குப் பிடித்தது மடக்கெழுத்தாணி, ஒரு பக்கம் ஊசி, மறு பக்கம் ஓலை நறுக்கக் கத்தி, மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடலாம். பழசை வாங்கப் போகாதீர்கள். நூறு வருஷம் தாண்டிய பொருளுக்குத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும், தந்தப்பிடி போட்டது என்றால் மறுபடியும் வனத்துறைதான். கொல்லர் பட்டறையில் புதிதாக ஒன்று அடித்துத் தரச் சொல்லி, நாலு பனையோலையையும் சேர்த்துக் கொடுங்கள்.

தினம் எழுதுகிற பேனாதான் வேண்டுமென்றால் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா. காந்தி காலத்துச் சுதேசி வேகத்தில் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா பிறந்தது, திருவள்ளூரிலும் இன்னும் கையால் கடைகிறார்கள். பெரும்பாலும் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒன்றால் உடம்பிலேயே மை நிரப்புகிற வகை, பேனாவின் திருகு மரையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவவில்லை என்றால் மாமாவின் சட்டைப்பை நீலமாகிவிடும்.

கேள்வி: எருமைக் கொம்பிலும் பேனா செய்கிறார்களே, அதுவும் தப்பா?

பதில்: இல்லை, வளர்ப்பு எருமைதானே. பொருளும் வேறு. மான் கொம்பு எலும்பு, வருஷம் ஒருமுறை உதிர்ந்து முளைக்கும். எருமைக் கொம்பு நம் நகம் மாதிரி, உதிராது. பட்டறையில் கடையும்போது தலைமுடி கருகுகிற நாற்றம் அடிக்கும், பக்கத்தில் நிற்காதீர்கள். வாங்கும்போது பில் கேளுங்கள்.