ஆட்சிமொழி: அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

வள்ளியூர்: அண்ணாச்சி, நம்ம நாட்டுக்குத் தேசிய மொழி இந்திதானே? பேங்க்கில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார்.

அரசமைப்புச் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவுமே கிடையாது. 343-வது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் ஆட்சிமொழி என்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு 1965 வரை கெடு வைத்திருந்தார்கள். 1963-ல் போட்ட சட்டம் அதை நீட்டியது. இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டாலொழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று 1967 திருத்தம் கட்டிப்போட்டுவிட்டது.

செங்கோட்டை: அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில், அந்த மொழிப் பட்டியலில், தமிழ் இருக்கிறதே, அது போதாதா?

போதாது தம்பி. 14 மொழிகளோடு தொடங்கிய பட்டியல் இன்று 22-ல் நிற்கிறது. கடைசியாக 2003 திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நுழைந்தன. பட்டியலில் ஏறினால் கௌரவம் உண்டு, ஒன்றியத் தேர்வாணையப் பரீட்சையை அந்த மொழியில் எழுதலாம். ஆபீஸில் அந்த மொழியில்தான் வேலை நடக்கணும் என்று அது சொல்வதில்லை. ஆங்கிலம் பட்டியலிலேயே இல்லை. அதற்கு என்ன குறைந்துபோச்சு? கையில் இருக்கிற நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்துக் கட்டத்தில் 15 மொழிகள் இருக்கும். அட்டவணையில் உள்ள சிந்தியும் மணிப்புரியும் அதில் இருக்காது.

உங்கள் தாலுகா ஆபீஸில் தமிழ் ஓடுவதற்குக் காரணம் வேறு. 345-வது பிரிவு மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது, அதை வைத்து 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் போட்டார்கள். உங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு நெல்லை மாவட்டத்துக்கு வந்ததும் அதே வருஷம் நவம்பர் 1-ல்தான்.

அம்பாசமுத்திரம்: மத்திய அரசு ஆபீஸில் தமிழ் மனுவை வாங்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய?

கொடுத்துவிட்டுத்தான் வரணும். குறை தீர்க்கச் சொல்லும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம், 350-வது பிரிவு. மனுவின் தலைப்பிலேயே அந்த எண்ணை எழுதுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிலும் தமிழில்தான் வரணும் என்று அந்தப் பிரிவில் இல்லை, அதுதான் ஓட்டை. இந்தியில் பதில் வந்தால் சும்மா விடாதீர்கள். 1976-ம் வருஷ ஆட்சிமொழி விதிகள் முதல் விதியிலேயே தமிழ்நாட்டை விலக்கிவைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தரணும் என்று ஐகோர்ட்டின் மதுரைக் கிளையும் 2021-ல் சொல்லியிருக்கிறது.

பாளையங்கோட்டை, சட்ட மாணவி: ஐகோர்ட்டில் தமிழில் வாதாட முடியாதா?

கீழ்க் கோர்ட்டுகளில் தமிழ் உண்டு. ஐகோர்ட்டுக்கு 348-வது பிரிவு ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. ஜனாதிபதி இசைந்தால் ஆளுநர் வேறு மொழியை அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நான்கும் அந்த வழியில் இந்தியைக் கொண்டுவந்துவிட்டன. நம் சட்டமன்றம் தமிழுக்காக 2006-ல் போட்ட தீர்மானத்துக்கு இசைவு கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது தாயி.

சங்கரன்கோவில்: எங்கள் வீட்டில் தெலுங்கு. எங்களுக்கு ஏதாவது உண்டா?

350-அ பிரிவு. தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு மாநிலம் முயல வேண்டும் என்கிறது. முயல வேண்டும், அம்புட்டுத்தான்.

கடையநல்லூர்: மகன் சிங்கப்பூரில். அங்கே தமிழ் நிலை?

மலாய், மாண்டரின், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. நாடாளுமன்றத்திலும் தமிழில் பேசலாம்.