ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 45 நொடியில் முடித்தால் போதுமா? மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

வெளியே தள்ளப்படாமல் இருக்கப் போதும். வேலை கிடைக்கப் போதுமா என்பது உங்கள் கையைப் பொறுத்தது. காலை அல்ல, கையை.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வயது இருபதை நெருங்குகிறது, ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டியாகிவிட்டது, அங்கே ‘ஐந்து நாற்பத்தைந்துக்குள் வந்துவிடு, மற்றதெல்லாம் தானாக நடக்கும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பையன்களில் பெரும்பாலானவர்கள் இதே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்.

நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். முன்னாள் ராணுவத்தினர் யாராவது வந்து ‘சீருடை போடாதவருக்கு இதில் என்ன பேச்சு’ என்று கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஓட்டமும் தாண்டலும் கம்பியில் தொங்குவதும் என் தொழில். மாலையில் பள்ளி விட்ட பிறகு ஊர்ப் பையன்களை இதற்காகத் தயார் செய்கிறேன். காசு வாங்குவதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவனை இந்தக் காலத்தில் யாரும் நம்புவதில்லை.

கணக்கு இதுதான். உடற்தகுதித் தேர்வுக்கு மொத்தம் 100 மதிப்பெண். ஓட்டத்துக்கு 60, பீம் என்று நாம் சொல்லும் புல்-அப்ஸுக்கு, அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பதற்கு, 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதற்கும், வளைந்து வளைந்து செல்லும் கட்டையில் விழாமல் நடப்பதற்கும் மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். ஓட்டத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முதல் குரூப், 60 முழுசாகக் கிடைக்கும். 5.31 முதல் 5.45 வரை இரண்டாவது குரூப், 48. இடையில் எதுவும் இல்லை. 5.31க்கு வந்தவனுக்கும் 5.45க்கு வந்தவனுக்கும் ஒரே 48தான். முன்பு இந்த இரண்டு குரூப்தான் இருந்தது, அதற்குமேல் வந்தால் பாதைக்குக் குறுக்கே கயிறு விழுந்துவிடும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2025 அறிவிப்பில் இன்னும் இரண்டு குரூப் சேர்த்திருக்கிறார்கள்: 6 நிமிடம் வரை 36, 6.15 வரை 24. நீங்கள் கேட்கும் 5.45 இப்போது கடைசி எல்லையே அல்ல. பயிற்சி மையத்தில் பழைய நோட்டீஸையே இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

பீமில் 10 எடுத்தால் 40. 9க்கு 33, 8க்கு 27, 7க்கு 21, 6க்கு 16. ஆறுக்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. இந்த வரிசையை இன்னொரு முறை பாருங்கள். ஆறிலிருந்து ஏழுக்குப் போனால் 5 மதிப்பெண் கூடுகிறது. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனால் 7 கூடுகிறது. கை நடுங்கி, மூச்சு முட்டி, இனி முடியாது என்று விடுகிறீர்களே, அந்தக் கடைசி ஒன்றுக்குத்தான் விலை அதிகம்.

இதை நான் ஒருமுறை ஒரு டீக்கடைச் சண்டையில் விளங்க வைக்க வேண்டியிருந்தது. நான்கு வருடத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் 2022இல் வருவதற்கு முன்பு நடந்தது. என்னிடம் பயிற்சி எடுத்த இரண்டு பையன்கள் ஒரே முகாமுக்குப் போனார்கள். ஒருவன் மாவட்ட அளவில் 1500 மீட்டர் ஓடியவன், கால் நீளம், ஓடும்போது பார்க்கவே அழகு. இன்னொருவன் குட்டையானவன், உயர அளவில் எப்படியோ தப்பியவன். தென்னை ஏறும் குடும்பம். விடுமுறை நாட்களில் அப்பாவோடு மரம் ஏறப் போய்விடுவான். நான் திட்டுவேன், மறுநாளும் போவான்.

முகாமில் முதலாமவன் ஓட்டத்தில் மிக முன்னால் வந்தான், 60. இரண்டாமவன் கூட்டத்தின் நடுவில் சிக்கி 5.40 வாக்கில் வந்தான், 48. பிறகு பீம். ஓட்டக்காரன் ஆறோடு இறங்கிவிட்டான். தென்னை ஏறுகிறவன் பத்தையும் எடுத்துவிட்டுப் பதினொன்றுக்குப் போனானாம், போதும் இறங்கு என்றார்களாம். 76க்கு 88.

மறுநாள் டீக்கடையில் ஓட்டக்காரனின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “சார், என் மகன் முன்னால் வந்தான். பின்னால் வந்தவனுக்கு மார்க்கு ஜாஸ்தியா? எவ்வளவு கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும், சொல்லுங்கள்” என்றார். தென்னை ஏறுகிற குடும்பம் லஞ்சம் கொடுத்தது என்று நாலு பேர் முன்னால் சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா? கடையில் கிடந்த பழைய பேப்பரின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அறுபதும் பதினாறும் எழுபத்தாறு. நாற்பத்தெட்டும் நாற்பதும் எண்பத்தெட்டு. “ஓட்டத்தில் வேகமாக வருகிறவனை எடுப்பதற்கு இது பந்தயம் இல்லை அண்ணே” என்றேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. ‘ஓட்டத்தில் முதலில் வந்தவன்தான் முதல், இது என்ன கணக்கு’ என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகன் நல்லவன், பிறகு காவலர் தேர்வுக்குப் போனான். அங்கே கயிறு ஏறச் சொல்வார்கள் என்பது போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

இப்போதைய நான்கு குரூப்பை வைத்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நிமிடத்தில் ஓடிப் பத்து பீம் எடுப்பவனுக்கு 36 + 40 = 76. ஐந்தரை நிமிடத்தில் பறந்து வந்து ஆறு பீம் எடுப்பவனுக்கும் 60 + 16 = 76. அரை நிமிட ஓட்டத்தை நான்கு பீம் சமன் செய்துவிடுகிறது. அரை நிமிடத்தைக் குறைக்க ஒரு பையன் எத்தனை மாதம் ஓட வேண்டும் தெரியுமா? நான்கு பீம் கூட்ட வீட்டு வாசலில் ஒரு கம்பி போதும்.

உடனே ஒருவர் வருவார், ‘அப்படியானால் ஓட வேண்டாம் என்கிறீர்களா’ என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டத்தில் கயிறு விழுந்துவிட்டால் பீமுக்கே விடமாட்டார்கள். இரண்டிலும் முழுசாக எடுப்பவன்தான் நிம்மதியாகத் தூங்குவான். எல்லோரும் ஓட்டத்தை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஓட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை எந்த மையத்திலும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 82 நொடி, கொஞ்சம் கூட. ஆனால் 400 மீட்டர் என்பது உள்கோட்டை ஒட்டி ஓடுபவனுக்கு மட்டும்தான். பாதை ஒன்றின் அகலம் 1.22 மீட்டர். கூட்டத்துக்குப் பயந்து இரண்டாவது பாதையிலேயே ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள். நான்கு சுற்றில் கிட்டத்தட்ட 30 மீட்டர். அந்த வேகத்தில் அது ஆறு நொடி. உங்கள் ஊரில் தனியாக ஓடி 5.27 வருகிறது என்று நினைத்துக்கொண்டு போனால், முகாமில் 5.33 காட்டும், பன்னிரண்டு மதிப்பெண் போய்விடும். கால் ஓய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் வெளிப்பாதையில் ஓடியிருப்பீர்கள். ஆகவே ஊரில் 5.20க்கு வராதவனை முதல் குரூப் வரும் என்று நான் சொல்லி அனுப்புவதில்லை. முதல் நூறு மீட்டரில் முட்டி மோதி உள்பக்கம் பிடிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் முந்துவதாக இருந்தால் வளைவில் முந்தாதீர்கள், நேர்க்கோட்டில் முந்துங்கள்.

பீமுக்கு வருகிறேன். தாடை கம்பிக்கு மேலே வர வேண்டும், இறங்கும்போது கை முழுக்க நீள வேண்டும், காலை உதைத்து ஆடக் கூடாது. பாதி இறங்கி மறுபடி ஏறினால் எண்ணமாட்டார்கள். ஜிம்மில் பதினைந்து எடுக்கிறேன் என்று வருபவன் இந்த விதியில் எட்டோடு நின்றுவிடுகிறான். அதோடு, பீம் ஓட்டத்துக்குப் பிறகுதான் வரும். அதனால் காலையில் புத்துணர்ச்சியோடு கம்பியைப் பிடித்து எண்ணிப் பார்ப்பதில் பயன் இல்லை. 1600 மீட்டர் ஓடி முடித்து, மூச்சு அடங்கும் முன்பே தொங்குங்கள். அதுதான் உங்கள் உண்மையான எண். ஆறுகூட வராதவர்கள் ஸ்டூல் போட்டு ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, மெதுவாக, மிக மெதுவாக இறங்கிப் பழகுங்கள். இழுக்கும் பலம் இறங்குவதில்தான் வளர்கிறது. ஒரே மூச்சில் எடுக்காமல் நாள் முழுக்கப் போகும்போதும் வரும்போதும் இரண்டு மூன்றாக எடுங்கள். எடை அதிகம் இருந்தால் அதைக் குறைப்பதும் பீம் பயிற்சிதான்.

இந்த மதிப்பெண்ணெல்லாம் ஜெனரல் டியூட்டி எனும் பொதுப்பணிப் பிரிவுக்குத்தான் இவ்வளவு முக்கியம். கிளார்க், டெக்னிக்கல் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தால் உடற்தகுதியில் தேறினாலே போதும், அங்கே எழுத்துத் தேர்வுதான் எல்லாம். நீங்கள் எந்தப் பிரிவு என்று கேள்வியில் எழுதவில்லை.

கம்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளியில் நல்ல இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று ஒரு விடுமுறையில் அறுத்துப்போட்டுவிட்டார்கள். எந்தப் பிள்ளையும் அதுவரை விழுந்ததில்லை. விளையாட்டுப் பாடவேளை என்று அட்டவணையில் இருக்கும், பத்தாம் வகுப்புக்குப் போனால் அது கணக்கு ஆசிரியருடையது. ‘சார், போர்ஷன் முடியவில்லை, இன்றைக்கு ஒரு நாள் மட்டும்’ என்பார். அந்த ஒரு நாள் ஜூனில் ஆரம்பித்து மார்ச்சில் முடியும். நான் ஒருமுறை பதிலுக்கு அவருடைய வகுப்பைக் கேட்டேன், எனக்கும் பயிற்சி முடியவில்லை என்று. தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். பதினைந்து வயது வரை ஒரு தடவைகூடக் கம்பியில் தொங்காத பையனைப் பதினேழரை வயதில் கொண்டுவந்து, ஆறு மாதத்தில் பத்து எடுக்க வை என்கிறார்கள் பெற்றோர். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் எங்கே போய்ச் சொல்வது?

நான்கு வருட வேலைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், இங்கே வேண்டாம். எழுத்துத் தேர்வு பற்றியும் என்னிடம் கேட்காதீர்கள். 2023 முதல் அதுதான் முதலில் நடக்கிறது, அதில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். பொதுப்பணிப் பிரிவுக்கு ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், கணக்கும் உண்டு. அதற்குக் கணக்கு ஆசிரியர்கள் யாராவது பதில் எழுதட்டும். என் பாடவேளைகள் எல்லாம் அவர்களிடம்தானே இருக்கின்றன.