மூங்கில் பூத்தால் பஞ்சமா?

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கம் எங்கள் தோட்டத்து வேலியோரம் நிற்கும் முள்மூங்கில் பூத்துவிட்டது. பூத்த மூங்கில் ஆகாது, பஞ்சம் வரும், உடனே வெட்டு என்கிறார் மாமியார். மூடநம்பிக்கை என்று சொல்லப்போய், இப்போது வீட்டில் பேச்சில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

செ.

அன்புள்ள செ.,

மாமியார் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

மிசோரத்தில் 'மௌ' என்றொரு மூங்கில். ஏறத்தாழ 48 வருடத்துக்கு ஒருமுறை மலைமலையாக ஒரே சமயத்தில் பூத்து, காய்த்து, செத்துப்போகும். காய் பேரிக்காய் அளவு இருக்கும், நல்ல சதைப்பற்று. இப்படி ஒரேயடியாகக் கொட்டினால்தான் எலி தின்றது போக மிச்சம் முளைக்கும் என்பது உயிரியலாளர்கள் தரும் விளக்கம். ஆனால் தின்ற எலி சும்மா இருக்குமா? குட்டிமேல் குட்டி போட்டுப் பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனையும் நெல்லில் இறங்கும்.

மிசோரம் அன்று அசாமில் ஒரு மாவட்டம். 1958இல் மிசோ மாவட்டக் கவுன்சில், பஞ்சம் வரப்போகிறது, 15 லட்ச ரூபாய் வேண்டும் என்று அசாம் அரசிடம் கேட்டது. வராத பஞ்சத்துக்குப் பணமா என்று மறுத்துவிட்டார்கள். மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்ற இளக்காரம் வேறு. மறுவருடம் பஞ்சம் வந்தது. லால்டெங்கா தலைமையில் நிவாரணத்தில் இறங்கிய அமைப்பு 1961இல் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று, 1966இல் ஆயுதம் ஏந்தியது. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1986இல்தான். அடுத்த பூப்பு 2006-07இல். அப்போது அரசே எலி வாலுக்கு 2 ரூபாய் கொடுத்து வாங்கியது!

உங்கள் வேலி மூங்கில் வேறு இனம். அதுவும் நாற்பது வருடம்போல நின்று, பூத்து, பட்டுப்போகும். விதை நெல் அளவுதான். ஒரு புதரால் பஞ்சம் வராது. காடே பூத்தால் எலியைக் கவனியுங்கள்.

அந்த விதைதான் மூங்கிலரிசி. பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரிடம், இங்கே உழாமலே நான்கு விளையும் என்று கபிலர் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில் முதலில் வருவது இதுதான். பலா, வள்ளிக்கிழங்கு, தேன் எல்லாம் அப்புறம். (வருடாவருடம் விளையாததை முற்றுகைக் கணக்கில் முதலில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.)

ஆகவே இப்போது வெட்டாதீர்கள். புதரடியில் முள்ளை ஒதுக்கி, சுத்தமாகப் பெருக்கி வையுங்கள். உதிர்வதைக் கூட்டியள்ளிப் புடைத்து, குத்தி உமி நீக்கினால் அரிசி. நன்றாக ஊறவைத்துச் சமையுங்கள். எல்லாம் உதிர்ந்தபின் வெட்டிவிடலாம். காய்ந்த மூங்கிலில் கோடையில் தீப் பிடித்தால் வேலியோடு நிற்காது. மாமியார் சொல்லைக் கேட்ட மாதிரியும் ஆயிற்று.