அடுப்பங்கரை கேள்வி பதில்: ஆறு விசிலுக்கும் அசையாத பருப்பு

கேள்வி: அக்கா, நான் ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ்ல வேலை பாக்குறேன். 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்துணியோட வர்ற வடநாட்டுக்காரங்க சில பேரு மொட்டை மாடியிலயே ஸ்டவ்வ வச்சு சமைப்பாங்க, அந்த தால் வாசனை கீழ ரிசப்ஷன் வரைக்கும் வரும். ஒரு அம்மாகிட்ட கேட்டேன், பாஷை தெரியாம கையக்கால ஆட்டியே சொல்லிக் குடுத்தாங்க. வீட்ல வந்து செஞ்சா 6 விசில் விட்டும் பருப்பு கல்லு மாதிரி கெடக்கு. ஒரு வழியா வேகவச்சு எடுத்தா, இது சாம்பார்தானேன்னு எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு. எங்க தப்பு பண்றேன்?
– வாசகி, ராமேஸ்வரம்

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லு தாயி, எந்தத் தண்ணியில வேகவச்ச? போர் தண்ணின்னா உம்மேல தப்பே இல்ல. நம்ம கடலோரத்துல நெறைய இடத்துல நெலத்தடித் தண்ணி உப்பும் சுண்ணாம்புமாத்தான் இருக்கும், அதுல இருக்கிற கால்சியம் பருப்புக்குள்ள போய் அதை எளக விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும், நீ 6 விசில் இல்ல 16 விசில் விட்டாலும் அது அப்படியேதான் உக்காந்துருக்கும். எங்க அப்பத்தா பருப்புக்குன்னே தனியா ஒரு கொடம் நல்ல தண்ணி வச்சிருக்கும், அதுல யாராச்சும் கைகழுவுனா தொலைஞ்சாங்க. இப்ப காவிரி தண்ணி வருதுல்ல, வர்ற அன்னைக்கு பருப்புக்கு கொஞ்சம் பிடிச்சு வச்சுக்க. அதுவும் இல்லாத நாள்ல ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடு, சிட்டிகைன்னா சிட்டிகைதான், கூடிப்போச்சுன்னா சோப்பு நக்குன மாதிரி இருக்கும் (நான் நக்கியிருக்கேன், அதான் சொல்றேன்).

அடுத்தது தக்காளி. அந்த அம்மா எப்பப் போட்டாங்கன்னு கவனிச்சியா? பருப்போட சேத்தே குக்கர்ல போட்டுருப்பன்னு தோணுது. புளிப்பு எதுவா இருந்தாலும் சரி, பருப்பு வேகுறதுக்கு முன்னாடி உள்ள போச்சுன்னா வேகவிடாது, நம்ம சாம்பாருக்கு புளிய கடைசியில கரைச்சு ஊத்துறதும் இதுக்குத்தான், யாரும் காரணம் சொல்லித் தரலையே தவிர கை அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கு.

சாம்பார் மாதிரி இருக்குன்னு உங்க வீட்டுக்காரரு சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, அவங்க அர்ஹர்னு சொல்றதும் தூர்னு சொல்றதும் நம்ம துவரம்பருப்பேதான். ஊரை மாத்துறது தாளிப்பு. நீ பழக்கதோஷத்துல கடுகு கறிவேப்பிலை போட்டுருப்ப, போட்ட நிமிஷமே அது ராம்நாட்டுக்கு வந்துரும். ஒரு கப் பருப்புக்கு மூணு கப் தண்ணி, மஞ்சத்தூள், வெந்ததும் உப்பு, அவ்ளோதான் குக்கர் வேலை. தக்காளி வெங்காயத்தை தனியா வதக்கி வெந்த பருப்புல சேத்து ஒரு கொதி விடு. அப்புறம் சின்னக் கரண்டியில நெய்ய காயவச்சு சீரகம், அது பொரிஞ்சு நெறம் மாறுனதும் நசுக்குன பூண்டு, காஞ்ச மிளகாய், பெருங்காயம், அடுப்ப அணைச்சதுக்கப்புறம்தான் மிளகாத்தூள். அணைக்காம போட்டா கருகிரும், மொத தடவை நான் அப்படிப் போட்டு தெருவே இருமுச்சு. அந்த நெய்ய பருப்பு மேல ஊத்தி ஒடனே மூடிரு, ரெண்டு நிமிஷம் கழிச்சு தெற. உனக்கு ரிசப்ஷன்ல வந்தது அந்த வாசனைதான். புளி வேணவே வேணாம், தட்டுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்க.

கேள்வி: யூடியூப் பாத்து ராஜ்மா செஞ்சேன். நம்ம ஊரு குண்டு மிளகாய்தான் அரைச்சேன், காரம் மண்டைக்கு ஏறுச்சு, வீடியோல வந்த செவப்பு மட்டும் வரல. ராத்திரி வயிறும் சரியில்ல.
– பேச்சிலர், மண்டபம்

பதில்: தம்பி, வீடியோல அவங்க போடுறது காஷ்மீரி மிளகாய், அது செவப்புக்குன்னே உள்ளது, காரம் கம்மி. நம்மளது 2023ல புவிசார் குறியீடு வாங்குன ராமநாதபுரம் முண்டு, அதுகிட்ட போய் சாந்தமா இருன்னா இருக்குமா? காஷ்மீரி தூள் கெடைக்கலைன்னா முண்டுல அளவ பாதியாக்கி, உள்ள விதையப் பிடிச்சிருக்கிற வெள்ளை நரம்ப சொரண்டி எடுத்துட்டு வெந்நீர்ல ஊறவச்சு அரை, காரம் அதிகமா இருக்கிறது அந்த நரம்புலதான். நெறத்துக்கு நல்லா பழுத்த தக்காளி.

வயிறு விஷயம்தான் முக்கியம், வெளையாட்டா எடுத்துக்காத. ராஜ்மா அரைவேக்காடா இருந்தா அதுல ஒரு நச்சு அப்படியே நிக்கும், வாந்தி பேதி வரைக்கும் கொண்டுபோகும். ராத்திரியே ஊறப்போடு, ஊறுன தண்ணிய கொட்டிரு, புதுத்தண்ணியில கொறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும், அதுக்கப்புறம் குக்கர்ல வச்சு ரெண்டு வெரலால நசுக்குனா மசியுற வரைக்கும் வேகவிடு. தண்ணி எந்தத் தண்ணின்னு மேல ராமேஸ்வரத்து புள்ளைக்கு சொன்னதையும் படிச்சுக்க, துவரம்பருப்பே அடம்பிடிக்கிற தண்ணியில ராஜ்மா வேகும்னு நெனைக்காத.

கேள்வி: லாத்தா, இடியப்பம் கண்ண மூடிக்கிட்டு பிழிவேன், சப்பாத்தி மட்டும் அப்பளமா ஒடையுது.
– கீழக்கரை

பதில்: மாவு தண்ணி கேக்குது, நீங்க குடுக்கல. கையில லேசா ஒட்டுற பதத்துல பெசஞ்சு ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் வச்சிருங்க. சட்டி நல்லா காஞ்சிருக்கணும், சின்னத் தீயில போட்டு ரொம்ப நேரம் வாட்டுனா உள்ள இருக்கிற ஈரமெல்லாம் போயிரும், அப்புறம் அப்பளம்தான். உங்க ஊரு ஆணம் தொட்டுக்கிட்டா அப்பளமாவே இருந்தாலும் நான் சாப்புடுவேன், அது வேற.

கேள்வி: மகன் பெங்களூர்ல பஞ்சாப் பையனோட ரூம்ல இருக்கான். அந்தப் பையனுக்கு நம்ம மீன் குழம்பு கத்துக்கணுமாம். போன்ல எப்படி சொல்லிக் குடுக்குறது? மகன் வச்சா மீனு கரைஞ்சு கூழாயிருது.
– தொண்டி

பதில்: அளவ விடுங்க, வரிசைய மட்டும் சொல்லுங்க. புளி மிளகாச் சாந்து மொதல்ல கொதிச்சு பச்ச வாசம் போகணும், எண்ணெய் ஓரத்துல பிரியணும், அப்புறம்தான் மீனு. மீனு போட்டதுக்கப்புறம் கரண்டிய கழுவி கவுத்துறச் சொல்லுங்க, சட்டிய ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு சுத்து சுத்தி அசைச்சா போதும். 7, 8 நிமிஷத்துல எறக்கிரணும். மொத தடவை வெளைமீன் வேணாம், சீலா துண்டு வாங்கச் சொல்லுங்க, அங்க வஞ்சிரம்னு கேட்டா கெடைக்கும், கெட்டியான சதை, புதுக் கைக்கு தாங்கும். ஏப்ரல் 15லருந்து 61 நாள் நம்ம பக்கம் விசைப்படகுத் தடைக்காலம், அப்ப ஊர்லருந்து மீனு குடுத்துவிட முடியாது, நெத்திலிக் கருவாடு குடுத்துவிடுங்க. ஆனா ரூம்ல வறுக்கும்போது ஜன்னல தெறந்து வைக்கச் சொல்லுங்க, அந்தப் பஞ்சாப் பையன் பாவம்.